செத்த எலி கிடைக்கவில்லை என்பது சாட்சியம் ஆகாது

பூச்சிக்கொல்லிகளையும் எலிமருந்துகளையும் பரிசீலித்து அனுமதி வழங்கும் ஆணையங்களின் நிபுணர் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பக் கோப்பு ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கும். அதில் காட்டுப் பாலூட்டிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடிப் பிடித்தால், வயலில் பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி கிடைக்கும். அந்த வரியைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், எதைத் தேடினார்கள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் விலங்கியலாளர். சுண்டெலி, வயல் எலி, மூஞ்சூறு, வௌவால் என்று பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாலூட்டிகள்தான் என் வேலை. பூச்சிக்கொல்லியே கூடாது என்ற கட்சிக்காரன் அல்ல. விளைந்த பயிரை எலி வெட்டினால் விவசாயிக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த மடலை வழக்கமான எதிர்ப்புக் கடிதங்களின் அடுக்கில் சேர்த்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

முதலில், செத்த விலங்குகளைத் தேடும் முறை. தெளித்த மறுநாள் காலை நாலு பேர் வரிசையாக வயலில் நடந்துபோய்ச் சடலம் கிடக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பறவைகளுக்கு இது ஓரளவு பலன் தரலாம். எட்டு கிராம் மூஞ்சூறுக்கு? நஞ்சேறிய சிறு பாலூட்டி முதலில் செய்வது ஒளிந்துகொள்வது. வளைக்குள் போய்ச் சாகும், அல்லது புல்தூருக்கு அடியில். வெளியே செத்தால் எறும்பு வரும், ஈ வரும், காகம் வரும். மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகளில் பிணந்தோண்டி வண்டுகள் ஒரு சுண்டெலியின் உடலை ஒரே இரவில் மண்ணுக்குள் இறக்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு நடந்துபோகிறவர் கண்ணில் என்ன படும்?

இன்னொன்றும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள், நரம்புச் சந்திப்புகளில் செய்தியை அணைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் நொதியை முடக்குகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாகடிக்காத அளவிலேயே அவை எலி வகைகளின் உடல் வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன. உடல் குளிர்ந்த எலி மந்தமாகும். மந்தமான எலியை அன்றிரவே ஆந்தை தூக்கிவிடும். இயற்கை மரணம் என்று கணக்கில் எழுதுவோம், அதுவும் யாராவது எழுதினால்.

ஆக, சடலம் கிடைக்காததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உயிரோடு இருப்பவற்றைப் பிடிக்க வேண்டும், அடையாளமிட்டு விட வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. உயிர்ப்பொறிகளை வைத்து எண்ணும் முறை முக்கால் நூற்றாண்டுப் பழக்கம். தகரப் பெட்டி, உள்ளே கொஞ்சம் தீனி, குளிருக்குப் படுக்கை. சூரியன் ஏறுவதற்கு முன் திறந்து பார்த்துவிட வேண்டும். மூஞ்சூறு மாட்டும் இடமென்றால் இரவிலேயே சுற்றிவர வேண்டும், ஏனென்றால் அது சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துவிடும்.

பொறியில் விழுந்த எலியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கோப்பில் இல்லாத பல விஷயங்கள் தெரியும். ஆணின் விரை இறங்கியிருக்கிறதா, உடலுக்குள் ஏறியிருக்கிறதா. பெண்ணின் முலைக்காம்பைச் சுற்றி உரோமம் உதிர்ந்திருக்கிறதா, அதாவது பால் கொடுக்கிறாளா. வயிற்றைத் தடவினால் கரு தட்டுப்படுகிறதா. குட்டிப் பருவத்துச் சாம்பல் உரோமம் இன்னும் இருக்கிறதா. போன மாதம் காதில் வில்லை மாட்டி விட்டவற்றில் எத்தனை திரும்பி வந்தன? இந்த மாதம் பிடிபட்டவற்றில் எத்தனை புதுக் குட்டிகள்? இரண்டு எண்களும் கையில் இருந்தால் அந்தக் கூட்டம் பிழைக்குமா பிழைக்காதா என்று பேச ஆரம்பிக்கலாம். மருந்தால் ஒரு எலிகூடச் சாகாமலே ஒரு கூட்டம் அழிய முடியும், அந்தப் பருவத்தில் குட்டி போடாமல் விட்டால் போதும்.

அடுத்து, சோதனைச்சாலை எலி.

பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு எது என்று கணக்கிடும் முறையை பிரிட்டிஷ் ஆய்வாளர் டிரெவன் 1927இல் கொண்டுவந்தார். வீரியம் மாறுபடும் மருந்துகளை ஒரே அளவுகோலில் கொண்டுவருவதற்காகச் செய்தது அது. அந்த எண்தான் இன்றும் காட்டுயிர் மதிப்பீட்டின் அச்சாணி. எலியின் அந்த எண்ணை எடுத்து, வயலில் ஒரு விலங்கு எவ்வளவு நஞ்சைத் தின்னக்கூடும் என்ற கணக்கோடு வகுத்துப் பார்க்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் உடனடி நச்சுக்கு 10 மடங்கும் நீண்டகால நச்சுக்கு (அங்கே எடுப்பது எலியில் பாதிப்புத் தெரியாத அளவு) 5 மடங்கும் இடைவெளி இருந்தால் முதல் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 300 கிராம் எடையுள்ள ஆய்வுக்கூட எலி நாளுக்குச் சுமார் 20 கிராம் தீனி தின்கிறது. 8 கிராம் மூஞ்சூறு நாளுக்கு 7 கிராம் புழு பூச்சி தின்கிறது. இரண்டு தீனியிலும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். எலியின் உடலுக்குள் போவது உடல் எடையில் கிலோவுக்கு 0.07 மில்லிகிராம். மூஞ்சூறுக்குள் போவது கிட்டத்தட்ட 0.9. பதின்மூன்று மடங்கு வித்தியாசம்.

உங்கள் அட்டவணையில் மூஞ்சூறுக்கென்று ஒரு வரி இருக்கிறது, தீனி அளவைத் திருத்திக்கொள்கிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் திருத்தியது வகுக்கும் எண்ணை மட்டும். மேலே இருக்கும் எண் இன்னும் ஆய்வுக்கூட எலியுடையது. ஒரே வெப்பநிலையில், கூண்டு நிறையத் தீனியோடு, எதிரியே இல்லாமல் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட ஒரு விலங்கு. அதன் கல்லீரல் ஒரு நஞ்சை எப்படி உடைக்கிறது என்பதை வைத்து, பசியோடு குளிரில் ஓடிக்கொண்டிருக்கும் மூஞ்சூறின் கல்லீரலைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறோம். அந்தப் பத்தும் ஐந்தும் இத்தனை வித்தியாசத்தையும் தாங்குமா?

வாழ்க்கை முறையையும் பாருங்கள். ஆய்வுக்கூட எலி சில வாரங்களுக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு குட்டி போடும். ஐரோப்பாவின் பொது மூஞ்சூறு ஒரு கோடையில் பிறந்து, அடுத்த கோடையில் இனம்பெருக்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் செத்துப்போகும். அதற்கு வாய்த்தது ஒரே ஒரு பருவம். அந்தப் பருவத்தில் தெளித்தால் அடுத்த ஆண்டு என்று ஒன்று அதற்குக் கிடையாது. வௌவால் இதற்கு நேர் எதிர். ஏழு கிராம் எடைதான். ஆனால் சைபீரியாவில் அடையாளமிட்ட ஒரு வௌவால் 41 ஆண்டு வாழ்ந்திருக்கிறது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. உடலில் சேரும் நஞ்சு பத்து இருபது ஆண்டுகள் சேரும். இழந்த எண்ணிக்கை திரும்ப அதைவிட அதிக காலம் பிடிக்கும். ஆய்வுக்கூட எலி இந்த இரண்டு பேருக்கும் பிரதிநிதி இல்லை.

வௌவாலைப் பற்றிப் பேச்செடுத்ததால் சொல்கிறேன். 1976இல் அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகை வௌவால்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ, குட்டி வௌவால்களின் கொழுப்பில் பதுங்கிக் கிடந்தது. கொழுப்பில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. வலசையின்போது கொழுப்பு கரைவதைப்போல ஆய்வாளர்கள் கரைய வைத்ததும் நஞ்சு மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. குகையில் நன்றாக இருந்த விலங்கு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தெளித்தவருக்கும் தெரியாமல், அனுமதி தந்தவருக்கும் தெரியாமல் விழும் என்பதுதான் அதன் பொருள். இது தெரிந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2019இல், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபுணர் குழு, பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் செய்யும் அன்றைய மதிப்பீடு வௌவால்களைப் போதுமான அளவு உள்ளடக்கவில்லை என்று எழுதியது. உங்களைப் போன்ற ஒரு குழுவே ஒப்புக்கொண்ட குறை இது. நான் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டு வரவில்லை.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு 1968இல் வெளியான, சூழலியலாளர் கேரி பாரெட்டின் ஆய்வை எப்போதும் எடுத்துக்காட்டுவேன். வேலியிட்ட புல்வெளியில் கார்பரைல் என்ற பூச்சிக்கொல்லியை ஒரே ஒரு தடவை தெளித்தார். பூச்சிகள் சரிந்தன, அது எதிர்பார்த்ததுதான். மருந்தின் வீரியம் தணிந்த பிறகும் பருத்தி எலியின் இனப்பெருக்கம் தள்ளிப்போனது. அதே வேலிக்குள் வீட்டுச் சுண்டெலி பெருகியது. மொத்தம் எத்தனை எலி என்று மட்டும் கேட்டிருந்தால், ஒன்றும் ஆகவில்லை என்றே பதில் வந்திருக்கும். இனம் பிரித்து, இனப்பெருக்க நிலை பார்த்து எழுதியதால்தான் ஓர் இனத்தின் இடத்தை இன்னொன்று பிடித்தது தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் ஆய்வாளரால் முடிந்தது, இன்று கோடிகள் செலவழித்துத் தயாராகும் ஒரு கோப்பில் ஏன் இல்லை?

எலிதானே, போனால் என்ன என்ற குரல் எப்போதும் வரும். உங்கள் கூட்டங்களிலும் வந்திருக்கும், அரசியல்வாதி முன்னால் பேசும்போது கட்டாயம் வரும். உலகில் அறியப்பட்ட பாலூட்டி இனங்கள் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகள், ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். பயிரைக் கெடுப்பவை அவற்றில் ஒரு சிறு கூட்டம். மற்றவை விதை பரப்புகின்றன, மண்ணைக் கிளறுகின்றன, நீங்கள் மருந்தடிக்கும் அதே பூச்சிகளைத் தின்கின்றன. அமெரிக்காவில் வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சை நோயால் வௌவால்கள் செத்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியைச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே மாவட்டங்களில் பச்சிளங்குழந்தை இறப்பும் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடியது. காட்டுயிர் வேறு, பொதுச் சுகாதாரம் வேறு என்று கோப்பைப் பிரித்து வைத்திருப்பது உங்கள் அலுவலக வசதிக்காக மட்டும்தான்.

எலிமருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சிறு பாலூட்டிகள் தற்செயலாக மாட்டுவதில்லை.

வார்ஃபரின் என்ற எலிமருந்து 1950களில் பரவியது. 1958இலேயே ஸ்காட்லாந்தில் அதற்கு மசியாத எலிகள் தென்பட்டன. பிறகு வந்தவை ப்ரோடிஃபாகூம், ப்ரோமாடியோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள். வேலை ஒன்றுதான்: வைட்டமின் கே மறுசுழற்சியைத் தடுத்து ரத்தம் உறையாமல் செய்வது. வித்தியாசம் என்னவென்றால், இவை கல்லீரலில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் நடமாடும், மறுபடி மறுபடி தின்னும், சாகத் தேவையானதைவிடப் பல மடங்கு உடலில் ஏற்றிக்கொள்ளும். கடைசி நாட்களில் பகலில் வெளியே வந்து தள்ளாடும். அந்த எலியை எடுக்கிற கூகைக்கும் நரிக்கும் அது எளிதில் கிடைத்த இரை.

மருந்து கலந்த தீனி வைக்கும் பெட்டிக்குள் போவது வீட்டெலி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். துளை பெரிய எலிக்கு ஏற்ற அளவு என்றால் சின்ன எலிக்கு அது வாசல். வயலோர மர எலிகள் தாராளமாகப் போய்த் தின்கின்றன. தானியமே தொடாத மூஞ்சூறின் கல்லீரலிலும் மருந்து கிடைத்திருக்கிறது, அந்த மருந்துத் தீனியைத் தின்ற வண்டையும் நத்தையையும் அது தின்பதால்.

விளைவு என்ன? பிரான்ஸின் தூப் பகுதியில் 1990களில் நீர்வோல் என்னும் குட்டைவால் எலியை ஒழிக்கப் பெரிய பரப்பில் ப்ரோமாடியோலோன் போட்டபோது நரிகள் சரிந்தன. நரி ஆண்டுக்கு ஒருமுறை ஈனும். வோல் பிறந்த சில வாரங்களிலேயே குட்டி போடத் தயாராகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் யார் முதலில் மீண்டு வருவார் என்பதற்குக் கணிதம் தேவையில்லை. ஸ்பெயினின் காஸ்தியா இ லியோனில் 2007இல் வோல் பெருகியபோதும் குளோரோஃபாசினோன் என்ற எலிமருந்து கலந்த தானியத்தை வயல்வெளிகளில் கொட்டினார்கள். பிற உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற தரவு கைவசம் இல்லாமலே இவ்வளவு பெரிய அளவில் செய்தது தவறு என்று அங்குள்ள ஆய்வாளர்களே கண்டித்து எழுதினார்கள். கலிபோர்னியா 2020இல் சட்டம் இயற்றி இரண்டாம் தலைமுறை மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அதற்குப் பின்னால் இருந்தது மலைச்சிங்கம், காட்டுப்பூனை, ஆந்தை ஆகியவற்றின் கல்லீரல் தரவு. எல்லாம் அனுமதி கொடுத்துப் பல பத்தாண்டுகள் கழித்து, செத்த விலங்கை அறுத்துப் பார்த்துச் சேர்த்தவை. எலியின் உடலில் முன்பே அளந்திருந்தால் மலைச்சிங்கம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அளப்பதும் எளிதாகிவிட்டது. விலங்கைக் கொல்லக்கூட வேண்டாம். பிடித்த எலியின் முதுகில் கொஞ்சம் உரோமம் கத்தரித்துவிட்டு விட்டுவிடலாம். பிரான்ஸில் விளைநிலப் பகுதிகளில் பிடித்த சிறு பாலூட்டிகளின் உரோமத்தை இப்படிச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு விலங்கிலும் 32 முதல் 65 வரை பூச்சிக்கொல்லி எச்சங்கள். பல ஆண்டுகளுக்கு முன் தடை செய்யப்பட்டவையும் அதில் உண்டு. நீங்களோ ஒரு மருந்துக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தன் உடலில் ஒரே ஒரு மருந்து மட்டும் இருக்கும் எலியை வயலில் எங்கே போய்த் தேடுவது?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறு பாலூட்டிகளின் எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். வோல்கள் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரிவது மருந்து வருவதற்கு முன்பும் நடந்ததுதான். மழை, அறுவடை, உழவு எல்லாம் இதில் கலக்கும். மருந்தால் வந்த வீழ்ச்சியைப் பிரித்தெடுப்பது உண்மையிலேயே கடினம். ஆனால் அதற்காகத்தானே மருந்து தெளிக்காத வயலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம், தெளிப்பதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே பார்க்கச் சொல்கிறோம். கடினம் என்பதைக் காரணமாகக் காட்டிப் பார்க்காமலே விட்டதற்கு, பாதிப்பு இல்லை என்று பெயர் வைப்பதை ஏற்க முடியவில்லை.

ஒருமுறை ஒரு நிறுவனம் தன் சோதனை வயலில் எலி பிடித்துத் தரச் சொல்லி என்னை அழைத்தது. தெளித்த பின் மூன்று இரவுகள் மட்டும் பொறி வைக்கலாம், அதற்கு முன்பும் கூடாது, பின்பும் கூடாது என்றார்கள். இனப்பெருக்க நிலையைப் பதிவு செய்வது ஒப்பந்தத்தில் இல்லை என்றும் சொன்னார்கள். நான் போகவில்லை. வேறு யாராவது போயிருப்பார்கள், அந்த அறிக்கையில் பாதிப்பு தென்படவில்லை என்றுதான் இருந்திருக்கும், எழுதியவர் நேர்மையானவராகவே இருந்தாலும். மூன்று இரவில் வேறு என்ன தென்படும்?

ஆகவே நான் கேட்பது இது. விளைநிலத்தில் பயன்படுத்தும் எந்த மருந்துக்கும் நிபந்தனை அனுமதி மட்டும் கொடுங்கள். அனுமதி கொடுத்த பிறகு, உண்மையான விவசாயிகளின் உண்மையான வயல்களில், தெளிக்கும் முன் ஒரு பருவமும் தெளித்த பின் குறைந்தது இரண்டு இனப்பெருக்கப் பருவமும் உயிர்ப்பொறி வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். இனம் பிரித்து, குட்டிகளின் விகிதம், மறுபிடிப்பு, உரோம எச்சம் ஆகியவை பதிவாக வேண்டும். ஒப்பிட மருந்தடிக்காத வயலும் வேண்டும். வௌவாலுக்குத் தனி மதிப்பீடு வேண்டும், பாலூட்டி என்ற பொதுத் தலைப்பில் அதை ஒளிக்கக் கூடாது. இரண்டாம் தலைமுறை எலிமருந்துகளைக் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வயலில் போட அனுமதிக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இனி தரவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

செலவு யார் தலையில் என்று கேட்பீர்கள். விண்ணப்பதாரர் தலையில்தான். ஆனால் பணத்தை அவர் ஆய்வாளரிடம் நேரே கொடுக்கக் கூடாது. பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து உங்களிடம் கட்டட்டும், ஆய்வாளரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், எந்த வயல், எந்த மாதம் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மூலத் தரவு வணிக ரகசியம் என்ற பூட்டுக்குள் போகாமல் வெளியே வரட்டும். மருந்தின் தயாரிப்பு முறை ரகசியமாக இருக்கலாம். ஒரு வயலில் எத்தனை எலி குட்டி போட்டது என்பதில் என்ன வணிக ரகசியம்?

விதிகளைத் திருத்த ஆண்டுகள் பிடிக்கும் என்பதும் தெரியும். அதுவரை, உங்கள் மேசைக்கு வரும் அடுத்த கோப்பிலேயே தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பாதிப்பு தென்படவில்லை என்ற வரிக்கு எதிரே, ஓரத்தில், நான்கு கேள்வி எழுதி விண்ணப்பதாரருக்கே திருப்பி அனுப்புங்கள்: எந்தெந்த இனங்கள் பிடிபட்டன, எந்த மாதங்களில், அடையாளமிட்டவற்றில் எத்தனை மறுபடி கிடைத்தன, எத்தனை பெண்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போதுள்ள விதிப்படியே கூடுதல் விளக்கம் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. பதில் வரும்வரை கோப்பு மேசையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு பாலூட்டிகளை ஆராயும் ஒரு விலங்கியலாளர்